வீட்டில் எத்தனை பேர்

என் மகள் அமெரிக்கப் பிரஜை. இதைச் சொன்னால் டென்மார்க்கில் உள்ள எங்கள் ஆட்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஏதோ பெரிய இடத்து ஆட்கள் என்று நினைத்துவிடுவார்கள். நடந்தது இவ்வளவுதான். கல்யாணம் முடித்த காலத்தில் என் கணவர் நியூ ஜெர்சியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். எனக்கு டென்மார்க்கில் வதிவிட அனுமதி இருந்தது. அவருக்கு அமெரிக்காவில் ஒரு பத்திரமும் இருக்கவில்லை. நான் அவரைப் பார்க்கப் போன இடத்தில் பிள்ளை பிறந்தாள். அவள் தவழத் தொடங்கிய நாட்களில் மூவருமாக டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். தகப்பனுக்கு அமெரிக்கா தர மறுத்ததை மகளுக்குக் கேட்காமலே கொடுத்திருந்தது.

அந்த நீலக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது என் கணவருக்கு ஒரு திருவிழா. தவணை முடியும் காலம் வந்தால் தொழிற்சாலையில் லீவு எடுப்பார், கழுத்துப்பட்டி கட்டுவார், மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு பெரிய பாலங்களையும் தாண்டி கொப்பன்ஹேகனில் இருக்கும் தூதரகத்துக்குப் போவார். நான் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு நாளும் போகாத ஊருக்கு இந்த ஆரவாரம் எதற்கு என்று வாசலில் நின்று கேட்பேன். “கிடக்கட்டுமேன். சோறா கேக்குது?” என்பார். அவருடைய தர்க்கம் அவ்வளவுதான். ஊரை விட்டு ஒரே ஒரு பையோடு ஓடி வந்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் பின்கதவு எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்.

ஊரில் போர் முடிவதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் மகள் ஜிம்னாசியத்தின் கடைசி வருடத்தில் இருந்தாள். ஊரில் உயர்தர வகுப்பு என்கிறோமே, இங்கே அதற்கு அந்தப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே, அமெரிக்காவில் படிக்கப் போவதாக டெனிஷில் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பல வருடங்களாக அப்படித்தான் கதை நடந்தது, ஒருவருக்கும் குறையில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டென்மார்க்கில் பல்கலைக்கழகப் படிப்புக்குக் காசு இல்லை. காசு இல்லை என்பது மட்டுமல்ல, படிக்கிற பிள்ளைக்கு அரசாங்கம் மாதாமாதம் கைச்செலவும் கொடுக்கிறது. உலகத்தில் வேறு எங்கே இப்படி நடக்கும்?

“இஞ்ச சும்மா தாறாங்கள், அதுக்கு மேல காசும் தாறாங்கள். அதை வேண்டாம் எண்டுபோட்டு அங்க போய்க் குடுத்துப் படிக்கப் போறியோ? உனக்கென்ன விசரே?”

கணிதமும் இலக்கியமும் இரண்டும் படிக்க வேண்டும் என்றாள். இங்கே பல்கலைக்கழகத்துக்குள் காலை வைக்கும்போதே ஒரே பாடத்தைத் தெரிவுசெய்து அதற்குள் போய்விட வேண்டும். அங்கே இரண்டையும் சேர்த்துப் படிக்கலாமாம்.

“கணக்கைப் படி. மற்றதைக் கட்டில்ல படுத்துக்கிடந்து வாசி,” என்றேன். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நாளுக்கு எத்தனை பேரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடுகிறேன். இரண்டில் எதை விடுவது என்று கண்கலங்கி நிற்கும் ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் அவள் உண்மையாகவே கண்கலங்கினாள். அதைப் பார்த்த பிறகு தகப்பனை அசைக்க முடியவில்லை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இத்தனை முறை பாலம் தாண்டியதற்கு ஒரு பலன் வந்துவிட்டதே. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

இடம் தேடத் தொடங்கிய பிறகுதான் சங்கதி விளங்கியது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று பல பல்கலைக்கழகங்களில் புலமைப்பரிசில் இருந்தது. அது இவளுக்கு இல்லை, ஏனென்றால் இவள் பிரஜை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. அதுவும் இவளுக்கு இல்லை, ஏனென்றால் ஐம்பது மாநிலங்களில் ஒன்றிலும் எங்களுக்கு வீடில்லை, வரி கட்டியதில்லை. பிறந்த மாநிலத்திலேயே கேட்டோம், பிறந்தது கணக்கில்லை என்றார்கள். பிள்ளை சொந்த நாட்டில் வெளியூர்க்காரி, வெளியூரில் சொந்த நாட்டுக்காரி. எனக்கு முதலில் இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. ஆனால் என் பிள்ளையை ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. அன்றிலிருந்து நானும் அவள் பக்கம்.

டெக்சாஸில் என் தம்பி இருந்தான். அவனிடம் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தான்.

“இதுக்கே அக்கா கவலைப்படுறாய்? என்ர வீட்டு விலாசத்தைப் போடு. தாய்மாமன் வீடு அவளின்ர வீடுதானே.”

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. தாய்மாமன் இருக்கும்போது வீடில்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அங்கத்தைய பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளவில்லை. தாய் தகப்பன் எங்கே இருக்கிறார்கள், எங்கே வரி கட்டுகிறார்கள் என்பது மட்டும்தான் அவர்களுக்குக் கணக்கு. தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. “தாய்மாமன் எண்டால் இவங்களுக்கு ஆளாத் தெரியேல்லையோ?” என்று ஒரு கிழமை அந்த அலுவலகத்தோடு வாக்குவாதப்பட்டான். பிறகு மகளின் புள்ளி என்ன என்று கேட்டான். பன்னிரண்டு என்று பெருமையாகச் சொன்னேன். டென்மார்க்கில் அதற்கு மேல் புள்ளி கிடையாது. அவன் அதை நூற்றுக்கு என்று எடுத்துக்கொண்டான். “பறவாயில்லை அக்கா,” என்றான் மெதுவாக. “எல்லாருக்கும் படிப்பு வராது.”

கடைசியில் மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். மினசோட்டா மாநிலத்தில், சோளக் காணிகளுக்கு நடுவே ஒரு சின்னத் தனியார் கல்லூரி. அதன் கட்டணத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருடைய சம்பளத்தையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாலும் போதாது. மகள் பொறுமையாக விளக்கினாள். அது சீலைக் கடையில் தொங்குகிற விலை மாதிரியாம், அந்த விலைக்கு ஒருவரும் வாங்குவதில்லையாம். குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்து, மிச்சத்தைக் கல்லூரியே குறைத்துவிடுமாம். பிரஜை எந்த நாட்டில் பள்ளிக்கூடம் போயிருந்தாலும் அமெரிக்க அரசாங்கத்தின் உதவியும் உண்டாம். விலை குறைந்தவை என்று நாங்கள் தேடித் தேடிப் பார்த்த இடங்களெல்லாம் எட்டாமல் போக, பார்த்தவுடன் சிரித்த இடம்தான் கைக்கு எட்டியது.

அதற்கு ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். புது வருடம் பிறந்து சில நாட்களில் மூவரும் சாப்பாட்டு மேசையில் கணினியைச் சுற்றி இருந்தோம். மகள் கேள்விகளை வாசிப்பாள், நான் வரிக் கடதாசிகளைப் பார்த்துச் சொல்வேன், என் கணவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து ஆலோசனை சொல்வார். சம்பளம், வீட்டுக் கடன், கார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்? யாருடைய செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்க்கிறீர்கள்?

“எட்டு,” என்றார் என் கணவர்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் மூன்று பேர். மிச்சம் ஐந்து பேர் வன்னியில் இருந்தார்கள். என் கணவரின் ஒரே தங்கச்சி, அவளுடைய புருஷன், மூன்று பிள்ளைகள். மூத்தவன் பெடியன், இளையது இரண்டும் பெட்டைகள்.

அது பொய்யில்லை. அந்த வீட்டு அரிசி என் கணவர் தளபாடத் தொழிற்சாலையில் பலகை அடுக்கிச் சம்பாதித்த அரிசி. பிள்ளைகளின் கொப்பியும் கொம்பாசும் அப்படித்தான். நான் இங்கே மலிவு விற்பனையில் மகளுக்குச் சப்பாத்து வாங்கினால் அந்த இரண்டு பெட்டைகளுக்கும் வாங்குவேன். அவர்களின் பாதத்தைக் கடதாசியில் வைத்து வரைந்து அனுப்பச் சொல்லி, அந்தக் கடதாசியைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடை கடையாகத் திரிவேன். கடைக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்ப்பாள். சம்பளம் வந்தால் முதலில் அங்கே போகும், பிறகுதான் எங்கள் வீட்டுக் கடன் கணக்கே. அந்தத் தங்கச்சி, என் மச்சாள், சும்மா இருக்கிற ஆளில்லை. வாழைக்காய்ப் பொரியலுக்கு எண்ணெய் எவ்வளவு விடவேண்டும் என்பது வரை தொலைபேசியில் எனக்குக் கட்டளை போடுவாள்.

“அவை எங்களோட இருக்கினமா எண்டும் கேக்குது,” என்று மகள் டெனிஷும் தமிழுமாகச் சொன்னாள்.

“இருந்திருப்பினம். விட்டால்தானே இருக்கிறது,” என்றார் அவர். “நீ எட்டு எண்டு போடு.”

டென்மார்க் நகராட்சி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் மூன்று என்றுதான் சொல்லியிருப்போம். அது எங்களுக்குப் பழகிய கேள்வி. இது அமெரிக்கா, பாதிக்கு மேல் செலவு பார்ப்பது யார் என்று கேட்கிறது, அப்படியானால் பதில் இதுதான் என்று மூவருமே நம்பினோம். மகள் எட்டு என்று போட்டு அனுப்பினாள். மச்சாளோடு நாங்கள் கடைசியாகப் பேசியதும் அந்த மாதத்தில்தான். பின்னணியில் ஷெல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் இடம்பெயர்ந்து ஏற்கெனவே பல ஊர் மாறியிருந்தார்கள். “பிள்ளை அமெரிக்கா போறாளாம். குளிருக்குப் போடுறதுக்கு நல்ல சட்டை வாங்கிக் குடுங்கோ அண்ணி,” என்றாள். டென்மார்க்கில் இருக்கிறவளுக்குக் குளிர்ச் சட்டை வாங்கச் சொல்லி வன்னியிலிருந்து ஒருத்தி சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். அதற்குப் பிறகு இணைப்புக் கிடைக்கவில்லை.

பங்குனி மாதம் கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவித் தொகையும் நாங்கள் தாங்கக்கூடிய அளவுக்கு இருந்தது. மகள் படிக்கட்டில் இருந்தபடியே அழுதாள், சிரித்தாள். நான் பால்கோப்பி போட்டுக் கொடுத்தேன். என் கணவர் அவளுடைய தலையைத் தடவிவிட்டு, திரும்பவும் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துகொண்டார். அந்த நாட்களில் அவர் அங்கேதான் இருப்பார். சனி, ஞாயிறுகளில் ஹேர்னிங்கிலிருந்து எங்கள் ஆட்கள் பஸ் பிடித்து, போரை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போவார்கள். அவரும் போய்த் தொண்டை கட்டி வருவார். நான் மல்லித் தண்ணி அவித்துக் கொடுப்பேன்.

சித்திரையில் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவிலிருந்து ஒரு பெண் எழுதினாள். அவளுடைய குடும்பப் பெயர் ‘சென்’ என்று முடிந்தது, டெனிஷ்காரரின் பெயர் மாதிரி. மகள் ஆசையாகத் தொலைபேசி எடுத்து டெனிஷில் வணக்கம் சொல்ல, பாட்டனார் காலத்தோடு டெனிஷ் போய்விட்டது, ஒரு கேக்கின் பெயர் மட்டும்தான் தெரியும் என்று அந்தப் பெண் சிரித்தாளாம். பிறகு விஷயத்தைச் சொன்னாள். குடும்பத்தில் எட்டுப் பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், வரிப் பத்திரத்தில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களை மட்டும்தான் சேர்க்கலாம். ஒரு தாள் அனுப்புகிறேன், அதில் மூன்று என்று திருத்தி, விண்ணப்பத்தில் பெற்றோராகக் கையெழுத்திட்ட உங்கள் அப்பாவே திரும்பவும் கையெழுத்திட்டு, வைகாசி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். உதவி கொஞ்சம் குறையும், அதிகம் குறையாது. தாள் வராவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஐந்து நிமிட வேலை. எட்டை வெட்டி மூன்று என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். தாள் வந்தது. என் கணவர் வாசித்தார், மடித்தார், தொலைக்காட்சிக்கு மேலே வைத்தார். நாளைக்குச் செய்வோம் என்றார்.

அந்த நாளை வரவேயில்லை. ஒரு நாள் பேனை எழுதவில்லை என்றார். இன்னொரு நாள் கண்ணாடியைத் தொழிற்சாலையில் விட்டுவிட்டு வந்தேன் என்றார், கண்ணாடி அவருடைய மூக்கிலேயே இருந்தது. நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். ராகுகாலம் பார்க்கிற ஆட்களைக் கேலி செய்கிற மனுஷன். பூனை குறுக்கே போனால் அதற்கும் அலுவல் இருக்கும் என்பார். அந்த மனுஷனுக்கு ஓர் இலக்கத்தைத் திருத்தக் கை வரவில்லை.

ஒரு நாள் சோறு போடும்போது நேராகவே கேட்டேன்.

“அவையள் எங்க இருக்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை,” என்றார். “இந்த நேரத்தில போய் நானே என்ர கையால வெட்டச் சொல்லுறீரோ?”

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு இருந்தேன்.

வைகாசி மாதத்தின் நடுவில், ஒரு திங்கட்கிழமை, போர் முடிந்தது. அன்று எனக்குக் காலை வேலை. முதியோர் இல்லத்தில் நான் பார்க்கிற பெண்களில் ஒருவருக்குத் தொண்ணூறு வயது கடந்திருந்தது. செய்தி பார்க்காமல் இருக்கமாட்டார். நான் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து, உங்களுடைய போர் முடிந்துவிட்டதாமே, நீங்கள் யன்னலில் மெழுகுதிரி வைத்தீர்களா என்று கேட்டார். டென்மார்க்கில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தங்களுடைய போர் முடிந்த இரவை நினைத்து இன்றும் வைகாசி தொடக்கத்தில் பலர் யன்னலில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அவருக்கு அந்த இரவு நினைவில் இருந்தது. தெருவெல்லாம் ஓடினோம், தெரியாத ஆட்களைக் கட்டிப்பிடித்தோம் என்று சொல்லியிருக்கிறார். போர் முடிந்தால் மனிதர் செய்வது அதுதான் என்று நினைத்துத்தான் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, பின்னலை முடித்து, நாடா கட்டி, அறைக்கு வெளியே வந்துதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சி நிறுத்தியிருந்தது. அந்தத் தொலைக்காட்சி நிறுத்தியிருந்ததைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. என் கணவர் அதற்கு முன்னால் அப்படியே இருந்தார். தாளும் அதன் மேலே அப்படியே இருந்தது.

அடுத்த நாட்களில் எங்கள் ஆட்கள் வந்து போனார்கள். பெயர்ப் பட்டியல்கள் வரும், படங்கள் வரும், முகாமில் கண்டதாக ஒருவர் சொல்வார், இன்னொருவர் அது வேறு ஆள் என்பார். மச்சாள் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. வைகாசி முடிந்துகொண்டிருந்தது. கல்லூரிப் பெண் மகளுக்கு இரண்டாம் முறையும் எழுதிவிட்டாள்.

ஒரு பின்னேரம் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு வந்து, தகப்பனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். தமிழில் கதைத்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கதைத்தாள்.

“அப்பா, நீங்கள் ஒண்டும் வெட்ட வேண்டாம். நான் ஓகூசில படிக்கிறன். கணக்கு மட்டும் படிக்கிறன். எனக்குப் பிரச்சினை இல்லை.”

ஓகூஸ் எங்களுக்குப் பக்கத்து நகரம். காரில் போனால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இலையுதிர்காலத்தில் நான் கேட்டதும் இதைத்தான். அந்த நேரத்தில் அவள் இதைச் சொல்லியிருந்தால் கோயிலில் அர்ச்சனை செய்திருப்பேன். இப்போது அதைக் குசினியில் நின்று கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளை இந்த வீட்டில் ஒரு நாளும் இப்படித் தணிந்து கதைத்ததில்லை. அவளுக்குப் பிரச்சினை இல்லையாம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் கரண்டியோடு குசினியிலிருந்து வந்தேன்.

“இஞ்சேருங்கோ. மூண்டு எண்டு எழுதினா ஒருத்தரும் சாகிறேல்லை. எட்டு எண்டு வைச்சிருந்தா ஒருத்தரும் தப்பிறதும் இல்லை. உங்கட தங்கச்சி இதைக் கேட்டால் உங்களுக்குத்தான் ஏசுவா. அந்தப் பிள்ளைக்குக் குளிர்ச் சட்டை வாங்கச் சொன்ன மனுஷி அவ.”

மகள் “அம்மா!” என்று கத்தினாள். நான் சொன்னது கொஞ்சம் கடுமைதான், ஆனால் சொன்னது சரி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். வீட்டில் யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும், எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் எழும்பினார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, “அங்க இப்ப கந்தோர் திறந்திருக்குமோ?” என்று மகளைக் கேட்டார். ஓம் என்றாள். கல்லூரி அலுவலகத்தின் இலக்கத்தைப் போடச் சொன்னார். பெற்றோல் நிலையத்து ஆங்கிலம் அவருடையது. பெண்கள் எல்லோரும் அவருக்கு ‘மேம்’. நாங்களும் கேட்கட்டும் என்று மகள் ஒலிபெருக்கியை அமத்தினாள்.

தான் யார் என்று சொன்னார். தாள் கிடைத்தது, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் பரவாயில்லை சேர் என்றாள். பிறகு கேட்டார்.

“மேம், ஒரு கேள்வி. இப்போது நான் மூன்று என்று எழுதுகிறேன். பிறகு அவர்கள் வந்தால் மாற்றலாமா?”

அவளுக்கு விளங்கவில்லை. எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டாள். அவர் தன் ஆங்கிலத்தில் சொன்னார். என் தங்கச்சி, அவளுடைய குடும்பம், எங்கள் நாட்டில் போர், போன கிழமை முடிந்தது, இன்னும் எங்கே என்று தெரியவில்லை. இவ்வளவுதான் சொன்னார். அவள் சட்டம் சொல்லப்போகிறாள், ஒரே கூரை என்று சொல்லப்போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

“மாற்றலாம் சேர்,” என்றாள். “எந்த நாளும் என்னைக் கூப்பிடலாம். அவர்களுடைய பெயர்களைச் சொல்லுங்கள், நான் எழுதி வைக்கிறேன்.”

எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்வது லேசான காரியமா? ஒவ்வொன்றாக, எழுத்து எழுத்தாகச் சொன்னார். சின்னப் பெட்டையின் பெயரில் அவர் இரண்டு முறை பிழைவிட, அவளும் இரண்டு முறை திருத்தினாள். ஐந்து பெயரும் முடிந்ததும் நன்றி மேம் என்று வைத்தார். மேசைக்குப் போய், எட்டை வெட்டி மூன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை மகளிடம் நீட்டினார். மகள் அதை வாங்காமல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தாளை எடுத்து உறைக்குள் வைத்தேன்.

ஆனி மாதம் அவளுக்கு வெள்ளைத் தொப்பி கிடைத்தது. ஜிம்னாசியம் முடித்த பிள்ளைகள் இங்கே அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மரக்கிளை கட்டிய லொறியில் ஏறி, ஒவ்வொரு பிள்ளை வீடாகப் போய்ச் சாப்பிட்டுக் குடித்துக் கூத்தடிப்பார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கும் அந்த லொறி வரவேண்டும். துக்கமா கொண்டாட்டமா என்று தெரியாத வீட்டில் எதைச் செய்வது? கடைசியில் றோல்ஸ் பொரித்தேன். உறைப்பில் கண்ணீர் வடியவடிய அந்த டெனிஷ் பெடியங்கள் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்கள். என் கணவர் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிந்தார். தொப்பியோடு நின்ற மகளை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே திரிந்தார். எனக்கு அந்த மனுஷனில் அன்று வந்த அன்பு கல்யாணத்தன்றும் வரவில்லை.

ஆடியில் ஒரு விடிகாலை தொலைபேசி அடித்தது. முகாமுக்குள் போய்வருகிற யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி. மச்சாள் பேசினாள். கொஞ்ச நேரம்தான் பேசவிட்டார்கள். அவளும் இரண்டு பெட்டைகளும் முகாமில் இருந்தார்கள். புருஷனுக்கும் மூத்தவனுக்கும் நடந்ததையும் அவளே சொன்னாள்.

அன்று என் கணவர் வேலைக்குப் போகவில்லை. முகம் வழித்தார், சட்டை மாற்றினார், கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி வைத்தேன், அது ஆறியது, திரும்ப வைத்தேன். பின்னேரம், அங்கே விடிந்து கந்தோர் திறந்திருக்கும் என்று தெரிந்தபோது, அமெரிக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. உதவித்தொகை எல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது. ஒரே கூரையின் கீழ் இல்லாதவர்களைச் சேர்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

அவளுக்கு அவரைக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

“மேம், மூன்று பேர் இருக்கிறார்கள்,” என்றார். “என் தங்கச்சி, இரண்டு சின்னப் பிள்ளைகள்.”

கடதாசி புரளும் சத்தம் கேட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் மூன்று பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தாள், சின்னவளின் பெயரையும் பிழையில்லாமல் வாசித்தாள். எழுதிவிட்டேன் சேர், எனக்கு மிகவும் சந்தோஷம் என்றாள். பிறகு, இன்னும் இரண்டு பெயர் இருக்கிறதே சேர், அவர்கள் எங்கே என்று கேட்டாள்.

அவர் றிசீவரை என் கையில் தந்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றார். என் ஆங்கிலம் அவருடையதைவிட மோசம். ஆனாலும் நான்தான் சொன்னேன்.